பொருந்தா உறுப்பும் பொருத்தும் கையும்

சிறுவர் சிறுதேர் உருட்டி மகிழ்தலைத் தமிழ்ப் புலவர் பண்டுதொட்டே பாடி வந்துள்ளனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவமாகும். பட்டினப்பாலையிலே குதிரை பூணாத மூன்றுருளைச் சிறுதேரைக் காண்கின்றோம். குறுந்தொகையின் 61ஆம் செய்யுளிலே, தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்தே இன்பங் காணும் சிறுவரைத் தும்பிசேர் கீரனார் உவமையாக எடுத்தாண்டார். ஊர்ந்து செல்லுதற்கு உதவாத வண்டியும் உள்ளத்துக்கு உதவும் என்பதை நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்க.

அன்று தேரைச் செய்தவன் தச்சன், இழுத்தவன் சிறுவன். இற்றைநாளிலோ இவ்விரு தொழிலையும் ஒருவனே செய்யுமாறு அமைந்த பொழுதுபோக்கொன்று உலகெங்கும் பரவியுள்ளது. மோட்டார்க் காரின் உறுப்புக்கள் சிறிய அளவிலே செய்யப்பெற்று, ஒரு பெட்டியில் இட்டு விற்கப்படுகின்றன. வாங்குவோன் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, ஒட்டி, தீந்தை பூசி, முழுக் காரின் சிற்றுருவைத் தானே ஆக்கிக் கொள்கின்றான். உண்மைக் காரின் 24இல் ஒரு பங்கு, 43இல் ஒரு பங்கு என்றவாறு அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். அத்தகைய பொருத்தற்பெட்டியைப் பற்றி, அதிலும் உறுப்புக்கள் நன்கு பொருந்தாத பெட்டியைப் பற்றி, இவ்விழா மலரிலே சில கருத்துக்களை முன்வைக்க விழைகின்றோம். விளையாட்டுப் பொருளைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன பேச்சு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்வாராக.

பொருத்தற்பெட்டிகள் பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது பெருந்தொழிற்சாலையின் ஆக்கம். உருக்கினாற் செய்த அச்சினுள்ளே, உருகிய பொலிசுத்தரீன் என்னும் பிளாத்திக்கை மிகுந்த அமுக்கத்துடன் செலுத்தி உறுப்புக்களைப் பெறுவர். 1939இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற ஏர்பிக்ஸ், 1949இலே பேர்கசன் உழவு இயந்திரத்தின் சிற்றுருவை இம்முறையால் ஆக்கியது. யப்பானிய நகராகிய சிசுவோக்காவில் 1946இல் மரம் அரியும் தொழிலோடு தொடங்கிய தமியா, பின்னர் இத்துறையில் உலகப் புகழ் எய்தியது. உருக்கு அச்சுச் செய்தற்குப் பெரும் பொருள் வேண்டும். ஆயின் ஒருமுறை செய்துவிட்டால் அஃது இலட்சக்கணக்கான பிரதிகளை ஒரே சீராகத் தரும். அவற்றின் உறுப்புக்கள் கையுறை போலப் பொருந்துவதில் வியப்பில்லை.

இரண்டாவது சிறு பட்டறையின் ஆக்கம். ஒருவரோ இருவரோ வீட்டின் ஒரு மூலையிலிருந்து செய்வது. முதலில் மூலவுருவைக் கையாற் செதுக்குவர். அதனைச் சுற்றிச் சிலிக்கன் றப்பரை வார்த்து அச்சாக்குவர். பின்னர் பொலியுறத்தேன் என்னும் செயற்கைப் பிசினுக்குரிய இரு திரவங்களைக் கலந்து அவ்வச்சில் ஊற்றுவர். அக்கலவை சில நிமிடங்களிலே இறுகிவிடும். றப்பர் அச்சு நெடுநாள் உழைக்காது. சில பத்து வார்ப்புக்களின் பின் அதன் ஓரங்கள் தேயும்; நுண்ணிய இடங்கள் கிழியும். அப்பொழுது புதிய அச்சுச் செய்தல் வேண்டும்.

இத்தகைய பெட்டியில் உறுப்புக்கள் பொருந்தாமைக்குக் காரணங்கள் பல. பிசின் இறுகும்பொழுது வெப்பம் பிறக்கும், ஆறும்பொழுது சுருங்கும். தடித்த பகுதி மிகச் சூடேறி மிகச் சுருங்கும். மெல்லிய பகுதி அவ்வாறன்று. உடலை ஓர் அச்சிலும் அடித்தட்டை வேறோர் அச்சிலும் வார்க்கும்போது இரண்டும் ஒரே அளவாய்ச் சுருங்கும் என்பதற்கு உறுதியில்லை. முற்றும் இறுகுமுன் அச்சினின்றும் எடுத்தால் உறுப்பு வளையும். காற்று அகப்பட்டால் குமிழி தோன்றும். ஒரு வார்ப்பையே மூலவுருவாகக் கொண்டு மற்றோர் அச்சுச் செய்தாலோ, சுருக்கத்தின்மேற் சுருக்கம் ஏறும்.

இவை நம்மவர்க்குப் புதுமையான செய்திகள் அல்ல. வாவிக்கரையிலே கண்ணாடி நார் வள்ளம் செய்வோர் வேறொருவகைப் பிசினை இறுக்கியோடு கலந்து நாள்தோறும் கையாள்கின்றனர். இறுக்கி மிகுந்தால் கலவை கொதித்து வெடிக்கும் என்பதை அவர்க்கு ஒருவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுருக்கத்தின் இயல்பையும் நம் கொல்லரும் தச்சரும் பண்டே அறிந்திருந்தனர். மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் பூட்டும்போது அதனைத் தீயிற் பழுக்கக் காய்ச்சி விரியச் செய்து, மரச்சில்லின்மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிர்விப்பர். பட்டம் சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கார்ப் பெட்டியிற் குற்றமாகிய சுருக்கம் வண்டிச் சில்லிற் குணமாகின்றது. பொருளின் இயல்பு ஒன்றே. அதனைக் கையாளும் அறிவே வேறுபடுவது.

நிற்க. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர், 24இல் ஒரு பங்கு அளவினதாகிய மொறிஸ் மைனர்ப் பெட்டியொன்றை எம் மாணவர்க்கு அன்பளித்தார். அது சிறு பட்டறையொன்றின் பிசின் வார்ப்பு. கைப்பணியில் விருப்புடைய மாணவர் அறுவர் அதனைப் பிரித்து மேசைமேற் பரப்பினர். உடலின் கூரை ஒருபுறஞ் சரிந்திருந்தது. அடித்தட்டு உடலினுட் புக மறுத்தது. மூன்று சில்லுகள் மேசையைத் தொட, நான்காவது அந்தரத்தில் நின்றது. முன்விளக்குகளுள் ஒன்று பாதி குமிழியாகவே இருந்தது. ஆசிரியர் அறையிலே இதுபற்றி இரு கருத்துக்கள் எழுந்தன. பழுதான இதனை ஒதுக்கிவிட்டுப் பெருந்தொழிற்சாலைப் பெட்டியொன்றை வரவழைப்போம் என்றனர் ஒருசாரார். வந்ததைக் கொண்டே செய்விப்போம் என்றனர் மறுசாரார். யாம் மறுசாராரைச் சேர்ந்தோம். அதற்குரிய காரணங்களை நிரல்பட உரைப்பாம்.

முதற் காரணம் கல்வி பற்றியது. நன்கு பொருந்தும் பெட்டி மாணவனுக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கின்றது. முதலாம் உறுப்பை இரண்டாம் உறுப்போடு ஒட்டுக எனத் தாளிற் கண்டபடி ஒட்டினால் கார் எழுந்து நிற்கும். பொருந்தாப் பெட்டியோ வினவக் கற்பிக்கின்றது. ஏன் பொருந்தவில்லை? எவ்வுறுப்பிற் பிழை? எவ்வளவு பிழை? எவ்விடத்தைத் தொட்டாற் பிற இடம் கெடாது? இவ்வினாக்களுக்கு விடை பெட்டியினுள் இல்லை. அளவுகோலிலும் கண்ணிலும் விரலிலும் இருக்கின்றது. செய்து கற்றலின் சிறப்பை ஆசிரியர் கலாசாலையிலே ஏடுகள் வாயிலாகப் பயின்ற எமக்கு, அதன் முழுப்பொருளை இந்த அறுவர் கூடிய மேசையே காட்டிற்று.

இரண்டாவது காரணத்தைத் தமிழாசிரியர் என்னும் உரிமையாற் கூறுகின்றோம். இலக்கணங் கற்றோர் புணரியலை அறிவர். நிலைமொழியும் வருமொழியும் வேறுபாடின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. அவ்வாறன்றித் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றனுள் ஒன்றோ பலவோ நிகழச் சேர்வது விகாரப் புணர்ச்சி. வாழைப்பழம் என்பதிற் பகர மெய் தோன்றிற்று. மட்குடம் என்பதில் ணகரம் டகரமாய்த் திரிந்தது. மரவேர் என்பதில் மகரம் கெட்டது. மாணவர் இவற்றை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். ஆயின் இரு பொருள்கள் சேர்தற்கு மூன்றே வழிகள் உள்ளன என்னும் பேருண்மை அவ்விதியினுட் பொதிந்திருப்பதை அவர்கள் உணர்வதில்லை. தொழிற்சாலைப் பெட்டி இயல்பு புணர்ச்சி. பிசிற் பெட்டி விகாரப் புணர்ச்சி. இடைவெளி தோன்றுமிடத்தில் மெல்லிய அட்டையைச் செருகுதலும் மக்கு இட்டு நிரப்புதலும் தோன்றல். வளைந்த உறுப்பை வெந்நீரில் இட்டு இளக்கி, கண்ணாடித் தட்டின்மேற் பாரம் ஏற்றி நேராக்குதல் திரிதல். மிகுந்ததை அரத்தால் அராவி நீக்குதல் கெடுதல். இதற்கப்பால் நான்காவது வழி கைத்தொழிலாளர்க்கும் இல்லை, நன்னூலார்க்கும் இல்லை.

அன்றியும், எவ்விடத்தில் எவ்விகாரம் வேண்டும் எனத் தெரிதலே புலமையாகும். மரவேரில் நிலைமொழியின் மகரம் கெட்டதேயன்றி வருமொழியின் வகரம் கெடவில்லை. அவ்வாறே இம்மொறிஸ் மைனரிலும் ஒரு வழக்கு எழுந்தது. உண்மைக் காரின் நீளம் 148 அங்குலம். முன்பின் சில்லுகளின் அச்சுக்களுக்கு இடைப்பட்ட தூரம் 86 அங்குலம். 24ஆற் பிரித்தால் சிற்றுருவின் நீளம் ஏறக்குறைய 157 மில்லிமீற்றரும், அச்சிடைத் தூரம் 91 மில்லிமீற்றரும் ஆகும். மாணவர் அளந்தபோது அடித்தட்டு 91 காட்டியது. உடலிலுள்ள சில்லுவளைவுகளின் இடைத்தூரமோ 90 மட்டுமே. ஆகவே சுருங்கியது உடல், அடித்தட்டன்று. உள்நீளத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் இடித்தது. அடித்தட்டின் முன்முனையை மட்டும் ஒன்றரை மில்லிமீற்றர் அராவினால் வேலை விரைவில் முடியும் என்றான் ஒருவன். முடிந்திருக்கும், ஆயின் முன்சில்லு தன் வளைவின் நடுவினின்றும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகி, காணுமிடமெல்லாம் அக்கார் இடறி விழுவது போலத் தோன்றியிருக்கும். முன்முனையிற் பாதியும் பின்முனையிற் பாதியும் குறைப்போம் என்றான் மற்றொருவன். அவ்வாறு செய்தபோது பிழை அரை அரை மில்லிமீற்றராகப் பகிரப்பட்டுக் கண்ணுக்குப் புலனாகாது ஒழிந்தது. பிழையை முற்றாக நீக்க இயலாதவிடத்து அதனை நேர்மையாகப் பகிர்ந்துகொள்ளல் என்னும் இக்கலை, பொருத்தற்பெட்டிக்கு மட்டுமா உரியது? குடும்பத்தை நடத்துவோரும் ஊர்ச்சபையை நடத்துவோரும் விடை கூறுவாராக.

வேலை நடந்த முறையையும் ஒருவாறு உரைத்தல் தகும். பின்வரும் மாணவர்க்கு அது பயன்படும். முதலில் உறுப்புக்கள் அனைத்தையும் சவர்க்கார நீரிற் கழுவுதல் வேண்டும். அச்சினின்றும் எளிதிற் கழலுதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை எஞ்சியிருந்தால் தீந்தை பற்றாது. இரண்டாவது, ஒட்டுமுன் அனைத்தையும் ஒட்டுநாடாவால் இணைத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் உறுப்பை மட்டும் தனியே பொருத்திப் பார்த்து ஒட்டிவிடுவோர் இறுதி உறுப்பில் இடர்ப்படுவர். மூன்றாவது, காணுமிடத்தைக் காத்து மறைவிடத்தைத் தேய்த்தல் வேண்டும். உடலின் வெளிப்புறத்தில் ஒரு கீறலும் ஆகாது. அடித்தட்டின் ஓரத்தை யார் காணப்போகின்றனர்? நான்காவது, பொலிசுத்தரீன் உறுப்புக்களை ஒட்டும் பசை இதற்கு உதவாது. அப்பசை பிளாத்திக்கைச் சிறிது கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது; பொலியுறத்தேன் அதிற் கரையாது. ஆதலின் சயனோஅக்கிரிலேற்று என்னும் விரைபசையோ எப்பொட்சியோ கொள்ளல் வேண்டும். பாரந் தாங்கும் இடத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியை ஆணியாக இருபுறமும் செருகுதல் நன்று.

ஐந்தாவதாகக் கூறுவது மிக இன்றியமையாதது. பிசினை அராவும்போது எழும் நுண்டூள் நுரையீரலுக்கு ஊறு செய்யும். அரத்தாளை நீரில் நனைத்தே தேய்த்தல் வேண்டும். மூக்கையும் வாயையும் உரிய முகமூடியால் மூடுதல் வேண்டும். திரவப் பிசினை வார்க்க விரும்புவோர் கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திலே, ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும். அதன் இரு திரவங்களுள் ஒன்றாகிய ஐசோசயனேற்றின் ஆவி மூச்சுப்பைக்குத் தீங்கு விளைப்பது. விளையாட்டு என்பதனால் விழிப்பைக் கைவிடலாகாது.

ஏழு வாரங்களின் பின் அக்கார் நான்கு சில்லுகளாலும் நிலந் தொட்டு நின்றது. இடப்புறக் கதவின் கோடு மட்டும் இன்றும் சற்றே கோணியிருக்கின்றது. அதனைத் திருத்தப் புகுந்தால் சாளரத் தூண் முறியும் என மாணவர் ஆராய்ந்து விட்டுவிட்டனர். எங்கே நிறுத்துவது என அறிதலும் வேலையின் ஒரு பகுதியேயாம். மினுக்குத் தீந்தை பூசிக் கோணலை மறைக்கலாமே என ஒருவன் கேட்டான். மினுக்கம் குற்றத்தை மறைப்பதில்லை. ஒளியை வளைத்து அதனை ஊரறியக் காட்டுவதே அதன் இயல்பு. முதற்பூச்சு இட்ட அன்றே அவன் இதனைக் கண்கூடாகக் கண்டான்.

மூன்றாவது காரணம் அக்காரின் வரலாற்றிலேயே இருக்கின்றது. 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையாக ஆக்கப்பெற்ற மொறிஸ் மைனர், இலங்கை வீதிகளிலும் ஒரு காலத்தில் வைத்தியர், ஆசிரியர், அலுவலர் எனப் பலரையும் சுமந்தது. அதனை வடிவமைத்த அலெக் இசிக்கோனிசு, உற்பத்தி தொடங்குந் தறுவாயிலே, வண்டி ஒடுங்கித் தோன்றுகின்றது எனக் கருதினார். முன்மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுப்பித்தார். இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிக் கண்ணுக்கு இசையும் வரை பார்த்து 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே உயர்ந்து செல்லும் பட்டையான பகுதி அக்கூட்டலின் அடையாளமாகும். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வீசியெறியாமல் நடுவே வெட்டி, 4 அங்குலத் துண்டொன்றை இடையிட்டுப் பூட்டினர். உலகம் விரும்பிய அக்காரே ஒட்டுப்போட்டுப் பிறந்தது. எம் மாணவரின் சிற்றுருவிலே அந்த 4 அங்குலம் நான்கு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகும். தாம் செருகிய அட்டைத் துண்டைக் கண்டு நாணியிருந்த மாணவர் இதனைக் கேட்டபின் நாணவில்லை.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம்.

பரீட்சைக்கு உதவாத வேலை இது என்பர் சிலர். அவர் கவலையை யாம் இகழ்ந்துரைக்கவில்லை. எம் பிள்ளைகளும் பரீட்சை எழுதுபவரே. ஆயின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் முடியும் வரை, மாலைப் பொழுதெல்லாம் தனியார் வகுப்புக்களிலே மாதிரி வினாத்தாளுக்கு விடையெழுதியே கழிகின்றது. மாதிரி வினாத்தாளுக்கு விடை முன்னரே ஆயத்தமாயிருக்கும். மாதிரிக் காருக்கோ விடையை நாமே ஆக்கல் வேண்டும். வாழ்க்கை இவ்விரண்டனுள் எதனை ஒத்தது? 2013 முதல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவும் உண்டு. அளத்தலும் அராவுதலும் பொருத்துதலும் அறியாத கை அப்பிரிவினுட் புகுந்து என்ன செய்யும்?

கற்றோர்க்குக் கைத்தொழில் தகாது என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் மறைந்து வாழ்கின்றது. காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகளார் விஞ்ஞானமும் கற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். பழைய நூல்களிற் சிதறிக் கிடந்த குறிப்புக்களைக் கணித அளவுகளோடு பொருத்தி, வழக்கிழந்த யாழின் அமைப்பை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். ஒன்றோடொன்று பொருந்தாத சான்றுகளைப் பொருத்திப் பார்க்கும் பொறுமை அவர்க்கு இன்றேல் அந்நூல் தோன்றியிராது. ஏட்டறிவும் அளவறிவும் பகையன்று என்பதற்கு இம்மண்ணில் இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாவதொரு தடை நியாயமானது. குறையுள்ள பொருளைப் போற்றினால் குறையாகச் செய்வோர் பெருகுவர் அன்றோ என்பது. குறை குறையேயாம். அச்சுத் தேய்ந்த பின்னும் வார்த்து விற்பவரையும், பிறர் வார்ப்பைத் திருடி அச்செடுத்து விற்பவரையும் யாம் ஆதரிக்கவில்லை. காசு கொடுத்தவர் முறையிடும் உரிமையும் உடையர். ஆயின் கவலையின்மையால் வந்த குறை வேறு; சிறு கருவிகளோடு பெருமுயற்சி செய்ததனால் வந்த குறை வேறு. முன்னதைத் தள்ளுக, பின்னதற்குக் கை கொடுக்க.

இவ்வேறுபாடே எம் இறுதிக் காரணத்துக்கு வழிகாட்டுகின்றது. பெருந்தொழிற்சாலை இலட்சம் பேர் வாங்கும் பொருளையே சிற்றுருவாக்கும். பந்தயக் காரும் போர்விமானமும் அதன் கண்ணிற் படும். நம் வாவியின் பொருள்கள் அதன் கண்ணில் என்றும் படா. மண்முனையிலே 2014இற் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற பாதையின் சிற்றுருவை எந்த வெளிநாட்டுத் தொழிற்சாலை ஆக்கப்போகின்றது? ஒரு வேளையில் ஒரு புறத்து வண்டிகளே செல்லக்கூடிய கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தையும், 1958இல் அரசுடைமையாகிய பின் அதன்மேல் ஊர்ந்த இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்தையும், வயலினின்றும் நெல்மூடை ஏற்றிவரும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் யார் செய்வார்? நாமே செய்தாலன்றி ஒருவரும் செய்யார். நாம் செய்யும்போது றப்பர் அச்சினாலும் பிசினாலுமே செய்தல் கூடும். அவ்வாறு செய்யும் முதற் பெட்டி பொருந்தாது. இரண்டாவதும் ஒருவேளை பொருந்தாது. பொருந்தாதனவற்றையெல்லாம் வெறுக்கக் கற்ற தலைமுறை தன் மண்ணின் பொருளைச் செய்யத் துணியுமா?

இதனை வெறும் ஆசையாக உரைக்கவில்லை. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி, 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, இவற்றினிடையே 2009 வரை நீண்ட போர் ஆகியவற்றால் இவ்வாவிக்கரையோர் இழந்த பொருள்களுக்கு ஒரு பட்டியல் இல்லை. வீட்டோடு நிழற்படமும் போயிற்று. கொட்டகையோடு வண்டியும் போயிற்று. தன் தந்தை ஓட்டிய காரின் நிறத்தைத் தாய் சொல்லக் கேட்டு மட்டும் அறிந்த பிள்ளைகள் எம் வகுப்பறைகளில் இருந்தனர். அக்காரின் நீளத்தையும் அகலத்தையும் அறிந்து, 24ஆற் பிரித்து, தன் கையாற் செய்து தாயின் முன் வைக்கும் ஆற்றல் ஒரு மாணவனுக்கு உண்டாயின், அதனை விளையாட்டு என்று ஒதுக்குதல் எமக்கு இயலாது. சிறு மொழிகளின் நூல்களும் சிற்றூர்களின் வரலாறுகளும் இத்தகையனவே. அவை எழுத்துப்பிழையோடும் கோணலான கட்டோடும் வருகின்றன. அவற்றைத் திருத்திப் படிப்போர் இருந்தாற்றான் அடுத்த பதிப்பு வரும்.

ஆகவே மூவகையினர்க்கும் எம் வேண்டுகோளை முன்வைக்கின்றோம். கல்லூரியினர் வாரத்தில் ஒரு மாலையைத் தனியார் வகுப்புக்களிடமிருந்து மீட்டுக் கைப்பணிக்கு ஒதுக்குவாராக. ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை பாடத்திட்டத்திலேயே செயன்முறைத் திறன்களுக்கு இடமுண்டு. அந்த இடத்தை வேறு பாடங்கள் விழுங்காது காப்பாராக. வள்ளம் செய்வோரையும் தச்சரையும் கொல்லரையும் அவ்வப்போது அழைத்து, அவர்க்கு ஆசிரியர்க்குரிய மதிப்பளித்து, மாணவர் முன் நிறுத்துவாராக.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். கல்லூரியின்பாற் கொண்ட அன்பினால் நீங்கள் அனுப்பும் பொருள்களுக்கு நன்றியுடையோம். ஆயின் கண்ணாடிப் பேழையில் வைப்பதற்குரிய முடிந்த உருவங்களை அனுப்புவதினும், நுண்ணரமும் சாவணமும் செம்மையான அளவுகோலும் முகமூடியும் சிலிக்கன் றப்பரும் அனுப்புதல் நன்று. அதனினும் நன்று, உங்கள் இல்லங்களில் எஞ்சியுள்ள பழைய வண்டிகளின் படங்களையும் அளவுகளையும் அனுப்புதல். பாதையிலே துறைகடந்து கல்லூரிக்கு வந்த நாள்களில் அதன் பலகை எத்தனை, கயிறு எவ்விடத்திற் கட்டப்பட்டது என்பன உங்கள் நினைவில் இருக்கலாம். உங்களோடு அவை மறையாதிருத்தல் வேண்டும்.

மாணவர்காள்! உங்கள் கைக்கு வரும் பெட்டிகள் பெரும்பாலும் பொருந்தாதனவாகவே இருக்கும். கல்வி அவ்வாறு வரும். தொழில் அவ்வாறு வரும். நாடும் அவ்வாறே உங்கள் கையில் ஒப்படைக்கப்படும். முதலிற் கழுவிப் பாருங்கள். பின் அளந்து பாருங்கள். ஒட்டுமுன் அனைத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, வளைக்க வேண்டியதை வெந்நீரில் வளைத்து, நீக்க வேண்டியதை மட்டும் நீக்குங்கள். அரத்தை எடுக்குமுன் அளவுகோலை எடுப்பவன் கையில் எந்தப் பெட்டியும் வீண்போகாது.